குறைத்தல்: ஜானி கேஷின் ஒற்றைக் கிதாரும் நம் ஊர்ச் சிந்தும்

ஒரு வயசாளி வரவேற்பறையில் உட்கார்ந்து கிதாரை மீட்டிப் பாடுகிறார். கூட யாரும் இல்லை. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பின்பாட்டு இல்லை, வயலின் கும்பல் இல்லை. பதின்மூன்று பாட்டுகள். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. 1994 ஏப்ரல் 26 அன்று 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' என்ற பெயரில் இது வெளிவந்தபோது ஜானி கேஷுக்கு வயது 62. அவரை வயசாளி என்று எழுத இன்று எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நானே அந்த வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். ஆனால் அந்தத் தொழிலில், நாஷ்வில் என்கிற அந்த ஊரில், 62 என்பது ஆள் உயிரோடு இருக்கும்போதே கருமாதி முடித்துவிடுகிற வயது.

இந்தத் தொகுப்பை நான் நேசிக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரசிகன் எழுதுவது விமர்சனமாகாது என்று சில தோழர்கள் சொல்வார்கள். ரசிக்காதவன் எழுதுகிற விமர்சனத்தில் காது இருப்பதில்லை என்பது என் அனுபவம். இத்தனை வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற இந்த இசையோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

1996இல் புதுச்சேரி நண்பர் ஒருவர் தொண்ணூறு நிமிட டிடிகே நாடாவின் ஒரு பக்கத்தில் இதைப் பதிந்து கொடுத்தார். உறையில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. பாட்டுப் பட்டியல் கிடையாது. திண்டிவனத்தில் ரயில் நிலையத்துக்கு வெளியே எங்கள் கூட்டாளிகள் கூடுகிற டீக்கடையில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அங்கேதான் முதலில் போட்டோம். பக்கத்து ஊரில் பெரிய மேளம் அடிக்கிற பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கர்நாடக சங்கீதக்காரர்கள் பெரிய மேளம் என்றால் நாயனமும் தவிலும் என்று புரிந்துகொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் சேரிக்காரர்களின் மேளக் கூட்டத்துக்கு உரியது. இரண்டு பாட்டு முடிகிறவரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா தம்பி, கூட அடிக்கிறவங்கள்லாம் எங்க பூட்டாங்க? கூலி படியலையா?"

கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியைவிடக் கூர்மையான ஒன்றை இந்தத் தொகுப்பைப் பற்றி எந்த இசை விமர்சகனும் கேட்டு நான் படித்ததில்லை. கூட அடிக்கிறவர்கள் எங்கே போனார்கள்? யார் அவர்களை அனுப்பியது?

அனுப்பியவர் ரிக் ரூபின். கேஷைவிட முப்பத்தோரு வயது இளையவர், தாடிக்காரர். நியூயார்க்கில் கல்லூரி விடுதி அறையில் இருந்துகொண்டு 1984இல் 'டெஃப் ஜாம்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ரஸ்ஸல் சிம்மன்ஸோடு சேர்த்து வளர்த்தவர். கறுப்பு இளைஞர்களின் ராப் இசையைப் பதிந்தவர். 1985இல் எல்.எல். கூல் ஜே என்ற பையனின் முதல் இசைத்தட்டான 'ரேடியோ'வை இவர் வெளியிட்டபோது, உறையில் 'தயாரிப்பு: ரிக் ரூபின்' என்று போடாமல் 'குறைப்பு: ரிக் ரூபின்' என்று போட்டார்கள். வேடிக்கைக்காகப் போட்டதுதான். ஆனால் அதில் ஒரு கோட்பாடே இருக்கிறது. இசையைத் தயாரிக்கிறவன் அதில் ஒன்றைச் சேர்ப்பவன் என்றிருந்த புரிதலை அது கவிழ்த்துப் போட்டது. எதை எடுத்துவிடலாம் என்று பார்ப்பதுதான் இனி அவன் வேலை.

இந்தக் குறைப்பை ரூபின் எங்கே கற்றார்? பிராங்க்ஸ் தெருக்களில் வாத்தியம் வாங்கக் காசில்லாத கறுப்புப் பையன்கள் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளையும் ஒரு ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு செய்த இசையிலிருந்து கற்றார். இல்லாமையிலிருந்து பிறந்த வடிவம் ஒரு வெள்ளைப் பையனின் கையில் அழகியல் கொள்கையாகிறது. எட்டு ஒன்பது வருசம் கழித்து அதே கொள்கை ஒரு வெள்ளைக் கிழவனின் தோளில் போர்த்தப்பட்டு 'அசல் அமெரிக்கா' ஆகிறது. (அந்த அசல் அமெரிக்காவின் அட்டைப்படத்தில் நீளக் கறுப்புக் கோட்டோடு கேஷ் நிற்கிறார், இருபுறமும் இரண்டு நாய்கள். படம் எடுக்கப்பட்டது ஆஸ்திரேலியாவில்.)

கேஷ் பக்கத்துக் கதையும் முக்கியம். 1932இல் ஆர்கன்ஸா மாநிலத்தில் பருத்திக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். 1950களில் மெம்ஃபிஸில் எல்விஸ் பிரெஸ்லியோடு ஒரே கூடாரத்தில் தொடங்கியவர். 1958இலிருந்து கொலம்பியா நிறுவனத்தில் இருந்தார். 1964இல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் துயரத்தைப் பற்றியே ஒரு முழு இசைத்தட்டுப் போட்டார். அதை வானொலிக்காரர்கள் ஒலிபரப்பத் தயங்கியபோது தொழில்துறைப் பத்திரிகையான 'பில்போர்ட்'டில் ஒரு முழுப் பக்கம் காசு கொடுத்து வாங்கி அவர்களைத் திட்டி எழுதினார். 1968 ஜனவரியில் ஃபோல்சம் சிறைச்சாலைக்குள் கைதிகளுக்கு முன்னால் பாடி, அதை இசைத்தட்டாக்கினார். இத்தனைக்கும் பிறகு 1986இல் கொலம்பியா அவரைக் கழற்றிவிட்டது. விற்பனை இல்லை, அவ்வளவுதான் காரணம். அப்புறம் வேறொரு நிறுவனத்தில் சில வருசம் முனகிக் கிடந்தார். ரூபின் தேடி வந்தபோது கேஷ் பழைய பாட்டுகளைப் பழைய ரசிகர்களுக்குப் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

1993இல் ரூபினின் ஹாலிவுட் வீட்டு வரவேற்பறையிலும் டென்னஸியில் கேஷின் சொந்த மரக்குடிலிலும் பதிவு நடந்தது. இரண்டு பாட்டுகள் மட்டும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறு இரவு விடுதியில், ஆட்கள் முன்னால். 'பிந்தியும் தனித்தும்' என்று பொருள்படும் தலைப்பில் இப்படி ஒரு தட்டைச் செய்ய வேண்டும் என்று கேஷுக்கு வெகுநாள் ஆசை இருந்ததாம். தனிமை அவருடைய விருப்பமும்தான். ரூபினின் சூழ்ச்சி மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

இனி கேட்பதைப் பற்றி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போகிற நேரமும் இந்தத் தொகுப்பின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. வேலை நிமித்தமாகப் பல வருசம் தினமும் போய் வந்தவன் நான். முதலில் வாக்மேன், இப்போது கைப்பேசி. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது நிக் லோ எழுதிய பாட்டு வரும். தனக்குள் ஒரு மிருகம் கட்டிக் கிடப்பதாகச் சொல்கிற பாட்டு. நிக் லோ ஒரு காலத்தில் கேஷ் வீட்டு மருமகன்; மனைவி ஜூனின் முந்தைய திருமணத்து மகளைக் கட்டியவர். மாமனார் என்ன மாதிரி ஆள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் எழுதியது. அதைப் பாடும்போது கேஷ் குரலை உயர்த்துவதே இல்லை. சில இடங்களில் பேசுகிறாரா பாடுகிறாரா என்று பிரிக்க முடியாது. மூச்சு இழுப்பது கேட்கும். கட்டைவிரல் தடித்த கம்பியைத் தட்டுவது கேட்கும். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் அந்தக் காடித்த இனிப்பு வாடை சன்னல் வழியாக வரும்போது பெரும்பாலும் டாம் வெயிட்ஸ் எழுதிய ரயில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். யூதாசும், லிங்கனைச் சுட்டவனும்கூட ஏறிக்கொள்ளலாம் என்று சொல்கிற ரயில். கிறித்தவத்தின் மீட்புக் கருத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் குரல் அதைச் சொல்லும்போது மறுத்துப் பேச வாய் வருவதில்லை.

ரோலான் பார்த் 1972இல் குரலின் சொரசொரப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பயிற்சியால் வழவழப்பாக்கப்பட்ட குரலில் பொருள் இருக்கும், உணர்ச்சி இருக்கும், ஆனால் பாடுகிறவனின் உடல் இருக்காது. வேறு சில குரல்களில் நாக்கும் தொண்டையும் பல்லும் எலும்பும் கேட்கும் என்பது அவர் வாதம். கேஷின் இந்தத் தொகுப்பைக் கேட்டால் பார்த் சொல்வது உடனே பிடிபடும். வாத்தியங்களை அப்புறப்படுத்தியதும் மிச்சமிருப்பது ஒரு உடல். மாத்திரைப் பழக்கமும் அறுவை சிகிச்சையும் பார்த்த உடல்.

சரி. யாருடைய உடல்? பார்த்தின் கட்டுரையில் வருகிற உடலுக்கு வர்க்கமோ நிறமோ சாதியோ கிடையாது. இங்கேதான் என் வழக்கு ஆரம்பிக்கிறது.

தொகுப்பின் முதல் பாட்டு 'டிலியா'ஸ் கான்'. டிலியா என்ற பெண்ணைக் கட்டிவைத்துச் சுட்டுக் கொன்றவன், சிறையிலிருந்து தன் வாயால் சொல்கிற பாட்டு. குற்றவுணர்வு கொஞ்சம், அலட்சியம் நிறைய. கேட்டவர்கள் இதைக் கேஷின் 'இருள்' என்று சிலாகித்தார்கள். டிலியா கற்பனைப் பெண் இல்லை. டிலியா கிரீன் ஜார்ஜியா மாநிலம் சவானாவில் வாழ்ந்த கறுப்பினச் சிறுமி. வயது 14. 1900ஆம் வருசத்துக் கிறிஸ்துமஸ் முந்தின இரவு, பழகிக்கொண்டிருந்த பையனே சுட்டான். அவனும் கிட்டத்தட்ட அதே வயதுக்காரன்தான். மறுநாள் இறந்தாள். அவளைப் பற்றிய பாட்டு கறுப்பின மக்களிடையே பிறந்து, ஜார்ஜியாவின் பிளைண்ட் வில்லி மெக்டெல் வரை பலரின் வாயில் ஊறி, பஹாமா தீவுகள் வரை போய் வந்தது. கேஷே 1962இல் ஒருமுறை பதிவு செய்திருக்கிறார். 1994இல் மறுபடி பாடும்போது கதையை மாற்றி இன்னும் கொடூரமாக்கினார். இதற்கு எடுத்த வீடியோவில் டிலியாவாகப் படுத்துக் கிடப்பவர் கேட் மாஸ் என்ற வெள்ளை மாடல் அழகி. பதினாலு வயதுக் கறுப்புச் சிறுமியை முதலில் பாட்டிலிருந்து உரித்தார்கள், அப்புறம் படத்திலிருந்தும் உரித்தார்கள். குறைப்பு என்பது வாத்தியத்தோடு நிற்கவில்லை.

நம் பக்கத்தில் இந்த வகைப் பாட்டுக்குப் பெயர் உண்டு. கொலைச் சிந்து. நான் சிறுவனாக இருந்த 1970களில் விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறக் காத்திருக்கிற கூட்டத்துக்கு நடுவிலும், சந்தைகளிலும், ஒருத்தர் கையில் டேப்பு வைத்துக்கொண்டு பாடுவார். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், சாணித்தாளில் அச்சிட்ட சின்னப் புத்தகங்கள் தோளில் மாட்டிய பைக்குள் இருக்கும். பாதிக் கதையைப் பாடி நிறுத்திவிடுவார். மீதி வேண்டுமென்றால் புத்தகம் வாங்கணும். கொலை, ரயில் விபத்து, வெள்ளம், தூக்கு, கள்ளக் காதல் எல்லாம் சிந்தாகும். ஒரு குரல், ஒரு தோல்கருவி, ஒரு பிணம். கேஷும் ரூபினும் 1993இல் போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த ஆள் தினமும் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் 'எளிமையின் உச்சம்' என்று எழுதவில்லை. சிந்து இலக்கியமா என்ற கேள்வியே நம் பல்கலைக்கழகங்களுக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

சிந்துக்காரரையும் நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. அவர் பாட்டில் வருகிற பெண்கள் பெரும்பாலும் கெட்டுப் போனதால் செத்தவர்கள். பாட்டின் கடைசியில் பெண்குலத்துக்குப் புத்திமதி இருக்கும். டிலியாவைப் பற்றிக் கேஷ் பாடுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. எந்தப் பிணத்துக்குச் சிந்து கட்டப்படும், எதற்குக் கட்டப்படாது என்பதற்கும் கணக்கு உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்குச் சந்திப்பில் யாரும் சிந்து விற்று நான் கேட்டதில்லை.

திரும்பவும் கேஷ். அவர் வளர்ந்த டயெஸ் குடியிருப்பு, 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்த விவசாயிகளுக்கு அரசாங்கம் நிலமும் வீடும் கொடுத்து அமைத்தது. அவருடைய ஏழ்மைக் கதைகளில் எல்லாம் இந்த ஊர் வரும். வெள்ளைக் குடும்பங்களுக்கு மட்டுமே அங்கே இடம் கொடுத்தார்கள் என்ற செய்தி மட்டும் வராது. இன்னொரு சம்பவம். 1965இல் போதை மாத்திரை வழக்கில் நீதிமன்றத்துக்கு வந்த கேஷோடு முதல் மனைவி விவியன் நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. படத்தில் அவர் கறுப்புப் பெண் போலத் தெரிகிறார் என்று வெள்ளை வெறியர்களின் ஏடு ஒன்று கிளப்பிவிட்டது. கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொல்லி மிரட்டினார்கள். கேஷ் தரப்பு என்ன செய்தது? அவள் கறுப்பில்லை என்று நிரூபிக்கச் சான்று தேடியது. கறுப்பாக இருந்தால் என்ன என்று கேட்கவில்லை. 2021இல் அவர்களின் மகள் ரோசன் கேஷின் மரபணுவையும் ஆவணங்களையும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆராய்ந்தபோது, விவியனின் முன்னோர்களில் அடிமையாக இருந்த ஒரு கறுப்பினப் பெண் இருந்தது தெரிய வந்தது. சாதிச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலக வாசலில் நின்று பழகிய நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்வதால் பாட்டு பொய்யாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. வியட்நாமிலிருந்து நொண்டித் திரும்பியவனைப் பற்றிய 'டிரைவ் ஆன்' இப்போதும் என்னை உலுக்குகிறது. சிப்பாயைப் போலத் தன் வாழ்வைத் திரும்பிப் பார்க்கிற பாட்டை நான் என் அப்பா செத்த பிறகு ஒரு மாதம் கேட்கவே முடியாமல் இருந்தேன். கேள்வி அவருடைய நேர்மையைப் பற்றியது இல்லை. உரித்துக்கொண்டு வந்து நிற்க யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதுதான் கேள்வி.

அதே 1993இல் இன்னொருவர் எதிர்த்திசையில் போனார். இளையராஜா லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவேயில்லை. நம்மில் பலர் அப்போது கிண்டல் செய்தோம். பண்ணைப்புரத்து மண்ணை விட்டுவிட்டு அய்ரோப்பியக் கோட்டை மாட்டிக்கொள்கிறார் என்றோம். நான் உட்பட. இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடியவர் அவர். குறைந்த வாத்தியத்தில்தான் ஆரம்பமே. 'அன்னக்கிளி' வந்த 1976இலிருந்து அவரை 'கிராமத்து இசை' என்ற பெட்டிக்குள் அடைக்க நடந்த முயற்சிகளுக்கு அளவில்லை. அந்த மனிதர் ஐம்பதாவது வயதில் ஒரு கிதாரை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? "தன் வேர்களுக்குத் திரும்பினார்" என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் அந்த வாக்கியத்துக்கு 'தன் இடத்துக்குப் போய்விட்டார்' என்று பொருள். கேஷுக்கு அதே வாக்கியம் கிரீடமானது. அந்தத் தொகுப்புக்குச் சிறந்த சமகால நாட்டார் இசைக்கான கிராமி விருதும் கிடைத்தது. இளையராஜா 2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், லண்டனில் தன் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அதன் இசைத் தரம் பற்றித் தனியே பேச வேண்டும், எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. ஆனால் அந்த முப்பத்திரண்டு வருசப் பிடிவாதத்தைக் கேஷின் வரவேற்பறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பறை விசயத்திலும் இதே சிக்கல்தான் 1990களில் நம்மைப் பிளந்தது. ஒரு பக்கம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், அது எங்கள் மேல் சுமத்திய அடிமை வேலை என்று ஊர் ஊராக மறுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். இன்னொரு பக்கம், அதே பறையை மேடைக்கு ஏற்றி விடுதலைக் கருவி என்றார்கள். 2016இல் மறைந்த கே.ஏ. குணசேகரன் அந்த இரண்டாவது பக்கத்தின் ஆகப்பெரிய குரல். இன்குலாபின் 'மனுசங்கடா'வை அவர் பாடக் கேட்டவர்களுக்கு மைக்கே தேவையில்லாத அந்தத் தொண்டை ஞாபகம் இருக்கும். கேஷைப் போல அடித்தொண்டைக் குரல் இல்லை அது, மேலே ஏறி நிற்கிற குரல். அவரையும் யாரும் 'மினிமலிஸ்ட்' என்று எழுதவில்லை. 'எழுச்சிப் பாடகர்' என்று நோட்டீசில் போட்டார்கள்.

கேஷ் அடுத்தடுத்து இதே வரிசையில் தொகுப்புகள் செய்தார். 1996இல் வந்த இரண்டாவதில் வாத்தியக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பெரியவரிடம் சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். அதற்கும் கிராமி கிடைத்தபோது, தன்னை ஒதுக்கிய நாஷ்வில் வானொலிக்காரர்களுக்கு நன்றி சொல்லி, பழைய புகைப்படம் ஒன்றில் தான் நடுவிரலைக் காட்டுவதைப் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரமாக வெளியிட்டார்கள். 2002இன் நான்காவது தொகுப்பில் வருகிற 'ஹர்ட்'தான் இன்று எல்லாருக்கும் தெரிகிறது. எனக்கு அதில் கொஞ்சம் அதிகமாகவே மரணத்தைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள் என்று தோன்றும். 2003 செப்டம்பர் 12 அன்று கேஷ் இறந்தார். முதல் தொகுப்பில் சாவு இன்னும் வியாபாரமாகவில்லை. அதனால்தான் நான் அதற்கே திரும்பத் திரும்பப் போகிறேன்.

டீக்கடைப் பெரியவரை அதற்கப்புறம் ஒருநாள் தனியாக அடிக்கச் சொல்லி நாடாவில் பதிவு செய்யலாம் என்று போனோம். என் தலைக்குள் அப்போது கேஷ்தான் இருந்தார்: ஒரு மேளம், ஒரு ஆள், வேறெதுவும் வேண்டாம். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தனியா அடிச்சா அது சேதி சொல்ற அடி தம்பி, மேளம் ஆவாது" என்றார். மூன்று வாரம் கழித்து, கூட அடிக்கிற நாலு பேருக்கும் வேலையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து வரச் சொன்னார். ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொண்டார்.